வெளிநாட்டுக் குழு கூப்பிடுகிறது: சேர்வதா, தனியாகவே முடிப்பதா?

திருவொற்றியூர்க்காரி கேட்டது:

வணக்கம். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், சொந்தப் பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒன்பது வருஷமாக நிருபர் வேலை. அதில் ஆறு வருஷம் ஒரு தமிழ் வார இதழில். இப்போது சம்பளம் கிடையாது, எழுதுகிற கட்டுரைக்குத்தான் காசு.

மீஞ்சூர் தாண்டி உள்ளே போனால் ஒரு கிராமம். போன தை மாசம் வேறு ஒரு செய்திக்காகப் போயிருந்தேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கொடியில் காய்ந்த துணியைக் காட்டினார். வெள்ளை வேட்டியை உதறினால் கறுப்புத் தூள் பறக்கிறது. நெல் காயவைத்த தார்ப்பாயில் விரலால் கோடு போடலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ரப்பர் கருகும் நாற்றம், ஜன்னல் திறக்க முடிவதில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட மூன்று பட்டறைகள். பழைய டயரை உலைக்குள் அடைத்து, காற்றுப் புகாமல் சூடேற்றி எண்ணெய் இறக்குகிறார்கள். எண்ணெய், கரித்தூள், கம்பி எல்லாம் லாரியில் போகின்றன.

அதற்குப் பிறகு நாலு தடவை என் ஸ்கூட்டியிலேயே போய்விட்டேன். டயர் குவியலை ரோட்டிலிருந்து படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு டயரின் ஓரத்தில் ஐரோப்பாவில் உள்ள ஒரு டயர் கடையின் ஸ்டிக்கர், போன் நம்பரோடு. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அங்கே யாரோ கழற்றிப் போட்ட டயர், எந்த வழியாக வந்து இந்த அம்மாவின் துணியில் படிகிறது?

நான் எழுதும் பத்திரிகையில் கொடுத்தேன். வக்கீல் பார்க்கட்டும் என்றார்கள். மூன்று மாசம் ஆயிற்று.

இதற்கு நடுவில், நான் சமூக வலைத்தளத்தில் போட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவிலிருந்து ஒரு பத்திரிகையாளர் குழு மெயில் அனுப்பியிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இதே டயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். நாள் கணக்கில் பணம் தருகிறோம், கிராமத்துக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்கிறார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்துகிறது. படத்தைக் கொடுத்தால் கதை அவர்களுடையதாகிவிடுமா? கொடுக்காவிட்டால் இது இந்தக் கிராமத்தோடே புதைந்துவிடுமா?

இன்னொன்று. புலனாய்வு என்று எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. மூத்த நிருபர்கள் பின்னால் நடந்து கற்றதுதான். இணையத்தில் இருக்கும் பயிற்சிகள் இங்கிலீஷில். படிப்பேன், மெதுவாகத்தான் படிப்பேன். எங்கே தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய டெஸ்க் பதில்:

தங்கச்சி, முதலில் அவசரமான ஒன்று. அந்த ஸ்டிக்கர் படத்தை யாருக்கும் வாட்ஸப்பில் படமாக அனுப்பாதே. அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். மெமரி கார்டை அப்படியே கழற்றி உறையில் போட்டு, தேதி எழுதி, வேறு ஒருவர் வீட்டில் வை. உன் கையில் நகல் போதும்.

இருபத்தேழு வருஷம் தமிழ்ப் பத்திரிகையில் இருந்துவிட்டு இப்போது பெரம்பூரில் வீட்டோடு இருக்கிறேன். உன் உறுத்தல் எனக்குத் தெரியும். 2011-ல் எனக்கும் இப்படி ஒரு அழைப்பு வந்தது. ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சி. கடலோரத்தில் இறால் பண்ணைகளால் கிணறு உப்பாகிப் போன ஊர்களை நான் இரண்டு வருஷமாகச் சுற்றி வைத்திருந்தேன். அவர்களைக் கூட்டிப்போனேன், பேச வைத்தேன், மொழிபெயர்த்தேன். படம் நன்றாக வந்தது, என் பெயர் எங்கும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. முகம் காட்டிப் பேசிய ஒரு மீனவரின் வீட்டுக்கு ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா, என்னைத்தான். படம் எடுத்தவர்கள் அதற்குள் வேறு நாட்டில் வேறு வேலையில் இருந்தார்கள். அந்த முகத்தை மறைக்கலாமா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கும்படியான இடத்தில் நானும் இல்லை. நாள் கூலிக்குப் போன ஆள்தானே.

அதனால்தான் சொல்கிறேன், சேர்ந்து செய். ஆனால் வழிகாட்டியாகப் போகாதே, நிருபராகப் போ. கதை வெளியானபின் அந்த ஊரில் இருக்கப்போவது நீ. இருக்கப்போகிறவளுக்குத்தான் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று சொல்லும் உரிமை வேண்டும்.

இதை வாயால் பேசாதே, மெயிலில் எழுது. பைலைனில், அதாவது எழுதியவர் பெயர் போடும் இடத்தில், உன் பெயர். தமிழில் எழுதும் உரிமை உனக்கு, அதுவும் அவர்கள் வெளியிடும் அதே நாளில். கிராமத்து ஆட்களின் பெயர், முகம், வீடு இவற்றில் உன் சொல்லே கடைசி. அச்சுக்குப் போகுமுன் முழுப் பிரதியை நீ படிக்க வேண்டும். வழக்கு வந்தால் இங்கே வக்கீல் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடு. நல்ல குழுவாக இருந்தால் இதையெல்லாம் கேட்டதற்காக உன்னை மதிப்பார்கள். முகம் சுளித்தால் விட்டுவிடு.

ஏன் சேரச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதை தனி ஆளால் முடியாது. பயிற்சி பற்றிக் கேட்டாயே, அதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். 2016-ல் காத்மாண்டுவில் ஆசிய நாட்டுப் புலனாய்வு நிருபர்கள் கூடிய மாநாட்டுக்கு உதவித்தொகை கிடைத்துப் போனேன். உலகப் புலனாய்வு இதழியல் வலையமைப்பு நடத்தியது. 2001-ல் கோபன்ஹேகனில் நடந்த கூட்டத்திலிருந்து பிறந்து 2003-ல் அமைப்பானது. அதன் ஆங்கிலச் சுருக்கமான ஜிஐஜேஎன் என்று தேடினால் கிடைக்கும். அங்கே கற்றது எளிமையான ஒன்று. உன் சந்தேகத்தை ஒரே வாக்கியமாக எழுது. பிறகு ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு, இதற்கு என்ன காகிதம் என்று கேள்.

உன் வாக்கியம் இப்படி இருக்கும்: ஐரோப்பாவில் கழிவான டயர் கப்பலேறி வந்து இந்தியாவில் அனுமதியில்லாத வேலைக்குப் போகிறது. இதில் 'அனுமதியில்லாத' என்பதைத் தொடு. டயரிலிருந்து எண்ணெய் எடுப்பதே இங்கே குற்றம் கிடையாது. உள்ளூர் டயரை, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியான இசைவாணை வாங்கிக்கொண்டு, நிபந்தனைப்படி செய்யலாம். ஆனால் 2022 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியபோது, இப்படி எண்ணெயும் கரித்தூளும் எடுப்பதற்காக வெளிநாட்டுக் கழிவு டயரை இறக்குமதி செய்யக் கூடாது என்று எழுதிவிட்டது. ஆகவே டயர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் உன் கதையின் உயிர் இருக்கிறது. நீ தூங்காமல் கிடந்த அந்த ஸ்டிக்கருக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் ஒரு ஸ்டிக்கர் போதாது. அந்த டயர் வேறு வழியாக, வேறு காரணத்துக்கு இந்தியாவுக்கு வந்திருக்கலாம் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் உன்னிடம் பதில் வேண்டும்.

பதில் பாதி அங்கே இருக்கிறது. அந்தக் கடையில் கழற்றிய டயரை யார் அள்ளிப் போகிறார்கள், என்ன என்று கணக்கெழுதி ஏற்றினார்கள், எந்தக் கம்பெனி. அதை உன்னால் திருவொற்றியூரில் உட்கார்ந்து கேட்க முடியாது, அவர்களால் முடியும். மீதிப் பாதி இங்கே. அது அவர்களால் முடியாது. 2025-ல் இதே விஷயத்தில் பிபிசி வெளியிட்ட செய்திக்காக, 'சோர்ஸ் மெட்டீரியல்' என்ற பத்திரிகையாளர் குழு பிரிட்டனிலிருந்து போகும் டயர்களுக்குள் கண்காணிப்புக் கருவி வைத்து, அவை இந்தியாவில் எங்கே போய்ச் சேருகின்றன என்று பின்தொடர்ந்தது. அப்படிப்பட்ட வேலைக்கு இரண்டு கரையிலும் ஆள் வேண்டும்.

நாடு நாடாக எவ்வளவு டயர் வருகிறது என்பதை ஐநாவின் வணிகத் தரவுத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சுங்க வகைப்பாட்டில் 4004 என்றால் ரப்பர் கழிவு, 4012 என்றால் பழைய டயரும், மேலே புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரும். இரண்டையும் பார். ஒன்று இறங்கி மற்றது ஏறியிருந்தால் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது.

மொழிக்காகத் தயங்காதே. காத்மாண்டுவில் எனக்கும் பாதிப் பேச்சு புரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்த நேபாளத்துப் பெண்ணிடம் என் குறிப்பேட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்டேன், அவள் தன்னுடையதைக் காட்டினாள். இன்றைக்கும் ஒரு ஆவணம் கையில் கிடைத்தால் அவளுக்கு அனுப்பி, ஓட்டை எங்கே என்று கேட்கிறேன். பயிற்சி முடிந்தபின் அப்படி ஒரு ஆள் மிஞ்சாவிட்டால், சான்றிதழ் அலமாரிக்குத்தான். 2025 நவம்பரில் அந்த வலையமைப்பின் உலக மாநாடு முதல்முறையாக ஆசியாவுக்கு, கோலாலம்பூருக்கு வந்தது. அடுத்ததற்கு உதவித்தொகை அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடு. நான் திருத்தித் தருகிறேன்.


மனுக்காரன் பதில்:

அக்கா சொன்ன உள்ளூர்ப் பாதிக்கு என் பங்கு.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். அந்தப் புல எண்களில் உள்ள ஆலைகளுக்குத் தந்த இசைவாணையின் நகல், அதிலுள்ள நிபந்தனைகள், கடந்த மூன்று வருஷத்தில் ஆய்வுக்குப் போன தேதிகள், ஆய்வறிக்கை நகல். நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு அதைத்தான் சொல்கிறது. வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

நகலுக்குக் காத்திருப்பதைவிட, 2(ஜே) பிரிவில் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. கோப்பைப் புரட்டினால் நாம் கேட்கத் தெரியாத காகிதமும் கண்ணில் படும். ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஒன்று எனக்கு ஒருமுறை முழுக் கதையையும் திறந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

அந்தப் புல எண்களில் உள்ள நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அரசின் இணைய நிலச் சேவையில் பட்டா, அ-பதிவேடு பாருங்கள். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசு இல்லை. ஆலை கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்கள் பெயர் கிடைக்கும்.

கடைசியாக ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மனுவை அந்த ஊர் ஆள் யார் பெயரிலும் போடாதீர்கள். மனுதாரரின் பெயரும் முகவரியும் கோப்போடு போகும்.


எழும்பூர் வாசகன் பதில்:

நான் பத்திரிகைக்காரன் இல்லை, நாற்பது வருஷ வாசகன். மனதில் பட்டதைக் கேட்கிறேன். வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டுக் குழு என்று ஆரம்பித்தால், நாளைக்கு இந்தப் பெண் எழுதும் உண்மையையும் யாரோ சொல்லிக்கொடுத்தது என்று தள்ளிவிட மாட்டார்களா? நம் ஊர்க் குறையை நம் பத்திரிகையே எழுதக் கூடாதா?


கணக்கு மேசை பதில்:

எழும்பூர் ஐயாவின் கேள்வியில் சட்டமும் இருக்கிறது, அதைப் பேசிவிடுகிறேன். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபர், பத்தியாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதைத் தடுக்கிறது. சம்பளம், செய்த வேலைக்கான ஊதியம் போன்றவற்றுக்கு 4-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதனால் நிதியுதவி, மானியம் என்ற பெயரில் வரும் தொகையும், எழுதிய கட்டுரைக்கு விலைச்சீட்டு (இன்வாய்ஸ்) கொடுத்து வாங்கும் தொகையும் ஒன்றாகாது. பணம் கணக்கில் ஏறுமுன், ஒப்பந்தத்தின் வாசகத்தை இந்தச் சட்டம் தெரிந்த ஒரு ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ காட்டிவிடுங்கள். வாங்கியபின் கேட்பதால் பயன் இல்லை.


பழைய டெஸ்க் பதில்:

கணக்கு மேசைத் தம்பி சொன்னதை நானும் வழிமொழிகிறேன். 2011-ல் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

எழும்பூர் ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன். நீங்கள் நாற்பது வருஷ வாசகர் என்றால் போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் செய்தி வந்த நாட்கள் நினைவிருக்கும். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலியில்தான் முதல் செய்தி. பிறகு ஜெனீவாவிலிருந்து சித்ரா சுப்பிரமணியம் ஆவணம் ஆவணமாகத் திரட்ட, இங்கே மவுண்ட் ரோட்டில் 'தி இந்து'வில் என். ராம் அவற்றோடு உழைத்தார். ஆவணங்களைக் கொடுத்தவர், விசாரணையை நடத்திய ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்று 2012-ல் அவரே வெளியே சொன்னார். கொடுத்தது வெளிநாட்டுக்காரர். அதனால் அது நம் செய்தி இல்லாமல் போயிற்றா? பணம் எல்லை தாண்டிப் போயிருந்தது, நிருபரும் தாண்டினார். இப்போது டயர் தாண்டி வருகிறது.

நம் பத்திரிகையே எழுதக் கூடாதா என்கிறீர்களே, எழுத வேண்டும் என்றுதான் நானும் அழுத்திச் சொல்கிறேன். அதனால்தான் தமிழில் அதே நாளில் என்ற நிபந்தனை. அந்தக் கிராமத்து அம்மா படிக்க முடியாத மொழியில் மட்டும் வந்தால், அவர் துணியின் கதை அவருக்கே வந்து சேராது.

சேர்ந்து வேலை செய்வதில் இன்னொரு பயன், பாதுகாப்பு. 2016-ல், வெளிநாட்டுக் கம்பெனிகளில் மறைத்த சொத்துகளைக் காட்டிய பனாமா ஆவணங்கள் வந்தபோது மியூனிக்கின் ஒரு நாளிதழுக்கு 1 கோடியே 15 லட்சம் கோப்புகள் கிடைத்தன. அவர்கள் அதைத் தமக்கே வைத்துக்கொள்ளாமல் புலனாய்வு நிருபர்களின் சர்வதேசக் கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். 370-க்கும் மேற்பட்ட நிருபர்கள் வாயைத் திறக்காமல் வேலை செய்து ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். ஒரு ஆளை மிரட்டி அதை நிறுத்தியிருக்க முடியுமா?

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 2017 ஜனவரியில் சென்னைப் பத்திரிகையாளர் சந்தியா ரவிசங்கர் தென் கடற்கரைத் தாது மணல் அள்ளுவது பற்றி 'தி வயர்' தளத்தில் நான்கு பகுதிகள் எழுதினார். மிரட்டல்கள் வந்தன. 2019-ல் 'ஃபர்பிடன் ஸ்டோரீஸ்' என்ற அமைப்பு ஒருங்கிணைத்த வேலையில் பல நாட்டு நிருபர்கள் அந்த மணலைத் தொடர்ந்தார்கள். ஒருவர் வாயை அடைத்தால் பத்துப் பேர் எழுதுவோம் என்பதற்காகவே 2017-ல் தொடங்கிய அமைப்பு அது.

தங்கச்சி, தனியாக ஸ்கூட்டியில் போகிறேன் என்றாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. சத்தீஸ்கரில் முகேஷ் சந்திரகர் ரோடு போட்ட காண்டிராக்டில் நடந்த ஊழலை வெளிக்கொண்டு வந்தவர். 2025 ஜனவரியில் அவர் உடலைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். உள்ளூர் நிருபர், வயது முப்பத்து சொச்சம். இனிமேல் போகுமுன் எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போ. சொன்ன நேரம் தாண்டினால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி வை. பட்டறைப் பக்கம் ராத்திரியில் வேண்டாம். அந்த அம்மாவின் நம்பரை உன் போனில் அவர் பெயரில் வைக்காதே.

வெளியிடுமுன் அந்தப் பட்டறைக்காரர்களுக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிப் பதிலுக்கு நாள் கொடு. அவர்கள் சொல்வதையும் போடு. அவதூறு இன்றைக்கும் குற்றவியல் சட்டத்தில்தான் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு போய், புதிய சட்டத்தில் 356 என்று எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.


திருவொற்றியூர்க்காரி பதில்:

அக்கா, இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நன்றி.

மெயில் எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே, என் இங்கிலீஷில். இன்று காலை பதில் வந்தது. பைலைன், தமிழ்ப் பிரதி, ஊர்க்காரர்கள் விஷயத்தில் என் முடிவு, மூன்றுக்கும் சரி என்றார்கள். வக்கீல் செலவு பற்றித் தங்கள் ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ஸ்டிக்கரில் இருந்த கடைக்கு அவர்களில் ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார். கடை உண்மையிலேயே இருக்கிறது, டயர் அள்ளும் வண்டி வாரம் ஒருமுறை வருகிறதாம். அதைப் படித்தபோது கை நடுங்கியது அக்கா. நான் மீஞ்சூரில் பார்த்ததன் மறுமுனையை ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன். மனுவை என் பெயரிலேயே போட்டுவிட்டேன், கோப்பைப் பார்வையிட அனுமதியும் கேட்டிருக்கிறேன். மனுக்காரன் அண்ணா, அனுமதி வந்தால் அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்யலாமா? எந்தக் காகிதத்தை விட்டுவிடக் கூடாது என்று பக்கத்தில் ஒருவர் சொன்னால் தைரியமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன். யார் யாரோடு சேர்ந்து எழுதப்போகிறேன், எந்த நாட்டில் வரும், அவர் பேர் வரலாமா என்று முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.


மனுக்காரன் பதில்:

தாராளமாக. அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறேன் தங்கச்சி. வெள்ளைத்தாளும் இரண்டு பேனாவும் கொண்டுபோங்கள்.


பழைய டெஸ்க் பதில்:

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டி வேண்டாம், ரயிலில் போவோம். கொருக்குப்பேட்டையில் நான் ஏறிக்கொள்கிறேன், கும்மிடிப்பூண்டி வண்டியில் பெண்கள் பெட்டி. திருவொற்றியூரில் நீ ஏறு. மீஞ்சூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். சாப்பாடு கட்டி எடுத்து வருகிறேன், அந்த அம்மாவுக்கும் சேர்த்து.